பழைய வண்டியும் பழைய சட்டமும்

சிந்தாதிரிப்பேட்டை என்றதும் வரலாறு பயின்றவர்க்குத் தறிகளின் ஓசை நினைவுக்கு வரும். 1734 ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் நெசவாளர்களைக் குடியேற்றுவதற்கென அமைத்த ஊர் அது. இன்று அங்கிருந்து கூவம் ஆற்றைக் கடந்து புதுப்பேட்டைக்குச் சென்றால், பழைய மோட்டார் வண்டிகளின் உறுப்புகள் தனித்தனியே கடை பரப்பப்பட்டிருப்பதைக் காணலாம். கழற்றி வைத்த நிலையில் எது நல்லது, எது பழுது என்பது தேர்ந்த கண்ணுக்குப் புலப்பட்டுவிடும். அவ்வுறுப்புகளே ஒன்றுகூடி, மேலே புதுச்சாயம் பூசிக்கொண்டு, ஒரு வீட்டு வாசலில் காராக நிற்கும்போது அது அவ்வளவு எளிதில் புலப்படுவதில்லை. அந்த மறைவினால் ஒருவர் ஏமாந்துவிட்டால் சட்டம் அவருக்கு எவ்வாறு துணைநிற்கும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

சிந்தாதிரிப்பேட்டையில் சிறு கடை வைத்திருக்கும் ஒருவர், நோயுற்ற தம் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்காகப் பழைய கார் ஒன்றை இரண்டு லட்சம் ரூபாய்க்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். விற்றவர் வியாபாரியல்லர்; தம் சொந்த வண்டியை விற்ற ஒரு குடும்பஸ்தர். பத்தாம் நாள் வண்டி நடுவீதியில் நின்றுவிட்டது. திறந்து பார்த்த மெக்கானிக், “இது வெள்ளத்தில் மூழ்கிய வண்டி ஐயா” என்றார். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தை அறிந்த நமக்கு இது நடக்கக்கூடியதே என்பது விளங்கும். பல ஆண்டுச் சேமிப்பு போயிற்று. தாயாரின் மருத்துவப் பயணமும் நின்றது. அவர் எங்கே செல்வது?

நுகர்வோர் ஆணையம் என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் விடை. ஆயின் 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தொழிலாக வாணிகம் செய்பவர்மீது வழக்குரைக்கவே பெரிதும் வழிசெய்கிறது. பழைய கார் விற்பதையே தொழிலாகக் கொண்ட கடையிலே வாங்கியிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்கும். தம் சொந்த வண்டியை ஒருமுறை விற்ற தனிமனிதரிடம் வாங்கியவர் உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டும்.

அங்கே அவரை வரவேற்பது 1930 ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம். அதன் 16 ஆவது பிரிவு சற்றுக் கடுமையானது. விற்கும் பொருளின் தரத்துக்கு விற்பவர் தாமாகவே பொறுப்பேற்றதாகக் கொள்ள முடியாது என்பதே அதன் பொது விதி. சில விலக்குகள் உண்டு. அவற்றுள் முக்கியமானவை, அப்பொருளை விற்பதே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கும்போது பயன்படுபவை. தனிமனிதரிடம் வாங்குபவருக்கு, “வாங்குகிறவனே, விழித்திரு” என்பதே சட்டத்தின் முதற்சொல்.

முதற்சொல்தான், முடிவுச்சொல் அன்று. 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17 ஆவது பிரிவைப் பாருங்கள். மோட்டார் கார் தோன்றாத காலத்தில் எழுதப்பட்ட அப்பிரிவு, குதிரை வியாபாரத்தை உதாரணமாகக் காட்டுகிறது. ஒருவர் தம் குதிரை நோயுற்றது என்று தெரிந்தும், ஒன்றும் சொல்லாமல் ஏலத்தில் விற்கிறார். அது மோசடியாகாது. வாங்குபவள் அப்போதுதான் வயது நிரம்பிய அவருடைய மகளே என்றால், உறவின் காரணமாக உண்மையைச் சொல்லும் கடமை அவருக்கு உண்டு. இனி, வாங்குபவர், “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக உள்ளது என்றே கொள்வேன்” என்கிறார். விற்பவர் வாய் திறக்கவில்லை. அங்கே மௌனமே பேச்சாகிவிடுகிறது.

குதிரையின் இடத்தில் காரை வைத்துப் பாருங்கள். நம் கடைக்காரர் வண்டியைச் சுற்றிப் பார்த்து, விலை பேசி, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்திருந்தால், விற்றவரின் வெறும் மௌனத்தை மோசடி என்று நிலைநாட்டுவது அரிது. “இந்த வண்டி வெள்ளத்தில் அகப்பட்டதுண்டா?” என்று அவர் கேட்டு, “இல்லை” என்ற பொய்விடை பெற்றிருந்தால் நிலைமை முற்றும் வேறாகிறது. 19 ஆவது பிரிவின்படி அவர் அந்த ஒப்பந்தத்தையே விலக்கி, வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கோரலாம். ஒரே வண்டி, ஒரே பழுது. ஒரு கேள்வி கேட்கப்பட்டதா இல்லையா என்பதில் வழக்கின் விதியே மாறுகிறது.

சொன்னவர் யார் என்பதையும் நீதிமன்றங்கள் நோக்குவதுண்டு. இங்கிலாந்தில் ஒரு தனிமனிதர், பதிவேட்டை நம்பி, 1939 ஆம் ஆண்டு மாரிஸ் காரை 1948 ஆம் ஆண்டினது என்று கூறி ஒரு கார் வணிக நிறுவனத்துக்கு விற்றார். பதிவேடு முன்பே திருத்தப்பட்டிருந்தது அவருக்குத் தெரியாது. அவர் சொல் உத்தரவாதமாகாது என்று தீர்ப்பாயிற்று. 1965 ஆம் ஆண்டு வழக்கிலோ, மாற்று எஞ்சின் பொருத்திய பின் 20,000 மைலே ஓடியது என்று கூறி பென்ட்லி கார் ஒன்றை விற்ற வியாபாரியின் சொல் உத்தரவாதமாகவே கொள்ளப்பட்டது. விவரம் அறியத்தக்கவர் அவரே என்பது காரணம். நம் நாட்டுச் சட்டத்திலோ, அறியாமல் சொன்ன தவறான கூற்றும் 18 ஆவது பிரிவின்கீழ் ஒப்பந்தத்தை விலக்கக் காரணமாகலாம். ஆனால் சாதாரணக் கவனத்தோடு ஆராய்ந்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால் அந்தப் பரிகாரம் கிட்டாது. ஆகவே, வாங்குமுன் நம்பிக்கையான மெக்கானிக்கிடம் காட்டுவது பணத்தைக் காப்பதோடு வழக்கையும் காக்கும்.

ஒன்றில் மட்டும் தனிமனிதரும் வியாபாரியும் சமமே. விற்கும் உரிமை தமக்கு உண்டு என்பதற்கு, வேறு கருத்து வெளிப்படாதவரை, விற்பவர் எவரும் பொறுப்பாளி என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14 ஆவது பிரிவு கூறுகிறது. 1923 ஆம் ஆண்டில் தீர்ப்பான இங்கிலாந்து வழக்கொன்றில், ஒருவர் வாங்கிய கார் திருட்டு வண்டி என்று பின்னர் தெரிந்து போலீசார் அதனைக் கைப்பற்றியிருந்தனர். சில மாதங்கள் வண்டி பயன்பட்டிருந்தும், கொடுத்த விலை முழுவதும் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

பழுது தெரிந்தபின் செய்ய வேண்டுவன சில உண்டு. வண்டியைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். ஏற்றுக்கொண்டதாகக் கருதப்பட இடமாகும். பழுதைப் பழுதாகவே வைத்து மெக்கானிக்கின் அறிக்கையை எழுத்தில் பெறுங்கள். விளம்பரம், தொலைபேசிச் செய்திகள், பணம் செலுத்திய சான்று ஆகியவற்றை அழிக்காதீர்கள். பிறகு தாமதமின்றி நோட்டீசு அனுப்புங்கள். இத்தகைய வழக்குக்குப் பொதுவாக மூன்றாண்டுக் கெடு. மோசடியாயின், அது வெளிப்பட்ட நாளிலிருந்தே கெடு தொடங்கும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்க்கு, 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. அங்குள்ள மக்கள் நீதிமன்றத்தில் வழக்குக்கு முன்பே சமரசமும் காணலாம்.

விற்பவர்க்கும் ஓர் எச்சரிக்கை. பதிவுப் புத்தகத்தில் பெயர் மாறாதவரை, அந்த வண்டியால் நேரும் விபத்துக்குப் பழைய உரிமையாளரே பொறுப்பு என்று 2018 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை மாற்றத்தை உடனே பதிவு செய்வது இரு தரப்புக்கும் நலம்.

மாணவ நண்பர்களே, நீங்களும் ஒரு நாள் பழைய வண்டி ஒன்றை வாங்குவீர்கள். மற்றொரு நாள் விற்பீர்கள். வாங்கும் நாளில் கூச்சப்படாமல் கேளுங்கள்; பெற்ற விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்கும் நாளில், கேட்கப்படாத கேள்விக்கும் விடை சொல்லிவிடுங்கள். சட்டம் அதை உங்களிடம் வற்புறுத்தாமல் இருக்கலாம். ஆனால் அந்த வண்டியில் ஏறி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர் ஒரு தாய் என்பதை நீங்கள் அறிவீர்கள்.