வெள்ளோட்டமும் தேரோட்டமும்



பாலக்காட்டுக் கல்பாத்தியிலே ஐப்பசித் திங்களில் நடைபெறும் தேரோட்டத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். சிலர் வடம் பிடித்தும் இருப்போம். புதிதாகச் செய்த தேரை எவரும் எடுத்த எடுப்பிலே திருவிழாவுக்குக் கொண்டு வருவதில்லை. சுவாமியை எழுந்தருளச் செய்யாமல் வெறுந்தேரை ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்ப்பர். அச்சு தாங்குகிறதா, தெருமுனையில் சக்கரம் திரும்புகிறதா, முட்டுக்கட்டைக்குத் தேர் அடங்குகிறதா என்பதெல்லாம் அன்று தெரிந்துவிடும். இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். மென்பொருள் செய்வோர் 'பீட்டா' என்று ஒரு கிரேக்க எழுத்தால் குறிக்கும் நிலைக்கு இதனினும் பொருத்தமான சொல்லை, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இன்றுவரை காணவில்லை.

கைபேசியிலே ஒரு நாள் காலையில் புதியதொரு வசதி தோன்றுகிறது. அது அன்று பிறந்ததன்று. முதலில் அதனைச் செய்தவர்களே தமக்குள் வைத்துச் சோதிப்பர். அது 'ஆல்பா' நிலை. தச்சுக் கொட்டகைக்குள்ளேயே சக்கரத்தை உருட்டிப் பார்ப்பது போன்றது. பின்னர் வெளியார் சிலரிடம் கொடுப்பர், அதுவே பீட்டா. இந்நிலை முதிர்ந்ததும் புதிதாக எதனையும் சேர்ப்பதில்லை என்று கதவை அடைத்துவிட்டுப் பிழைகளை மட்டும் திருத்துவர். அதன் பிறகும் எல்லோர்க்கும் ஒரே நாளில் கொடுத்துவிடுவதில்லை. ஆப்பிள் நிறுவனத்தின் படிமுறை வெளியீட்டை எடுத்துக்கொள்வோம். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் கைபேசிகளில் முதல் நாள் நூற்றுக்கு 1, மறுநாள் 2, அடுத்து 5, 10, 20, 50 என வளர்ந்து, ஏழாம் நாளில்தான் 100 ஆகும். இடையிலே குறை தென்பட்டால் அவ்விடத்திலேயே நிறுத்தி வைக்கலாம். பக்கத்து வீட்டாருக்கு வந்த வசதி நமக்கு வரவில்லையே என்று வருந்துவோர்க்கு விடை பெரும்பாலும் இதுதான்.

வெள்ளோட்டம் எத்தனை நாள் நடக்கலாம் என்பதற்கு அளவில்லை போலும். கூகிளின் ஜிமெயில் 2004 ஏப்ரல் 1-ஆம் நாள் தொடங்கியது. அதன் பெயரருகே இருந்த பீட்டா என்னும் அடைமொழி 2009 ஜூலையில்தான் நீங்கியது. அதற்குள் கோடிக்கணக்கானோர் தேரில் ஏறி அமர்ந்துவிட்டனர்! குறை நேர்ந்தால் 'இன்னும் சோதனைதானே' என்று சொல்லிக்கொள்ள அச்சொல் ஒரு குடையாகப் பயன்பட்டது என்பதே நமது கருத்து.

இதற்கு நேர் எதிரான வரலாறு ஒன்று நம் கேரளத்திலேயே உண்டு. 1982 மே 19 அன்று பரவூர் சட்டமன்றத் தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலாக வைக்கப்பட்டது. இயந்திரம் இருந்தது, அதற்கு இடம் தரும் சட்டம் இல்லை. 1984-இல் உச்ச நீதிமன்றம் அத்தேர்தலைச் செல்லாதென்று கூற, அந்த 50 சாவடிகளிலும் வாக்குச்சீட்டைக் கொண்டு மறுபடி வாக்கெடுத்தனர். 1988 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. 1998-இல் மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், தில்லி ஆகிய மூன்றிடங்களில் 16 தொகுதிகளிலும், 2001-இல் தமிழ்நாடு, கேரளம் முதலிய மாநிலங்களின் எல்லாத் தொகுதிகளிலும், 2004-இல் நாடு முழுவதிலும் அது வழக்கிற்கு வந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள்! கைபேசிச் செயலியில் நேர்ந்த பிழையை இரவோடு இரவாகத் திருத்தி அனுப்பலாம். ஓட்டுப்போட்ட பின் அவ்வாறு திருத்த இயலாதன்றோ?

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது யூபிஐ என்னும் பணப்பரிமாற்ற முறை. 2016 ஏப்ரல் 11-ஆம் நாள் 21 வங்கிகளுடன் அதன் வெள்ளோட்டத்தை அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் தொடங்கி வைத்தார். ஆகஸ்டு 25 முதல் வங்கிகள் தத்தம் செயலிகளைப் பொதுமக்களுக்கு அளித்தன. ஏறத்தாழ நான்கரை மாதம். பணம் புழங்கும் காரியத்துக்கு இது விரைவுதான். எனினும் ஸ்மார்ட்போன் இல்லாத பட்டன் கைபேசிக்காரர்களுக்காக எளிய வழி திறந்தது 2022 மார்ச்சு 8-ஆம் நாளில்தான். தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் வாழும் முதியவர்க்கு அந்தத் தேர் எளிதாகத் தெருவுக்கு வர ஏறத்தாழ ஆறாண்டு ஆயிற்று.

இங்கே நம் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தின் விண்ணப்பச் செயலிக்குத் தமிழ்ச் சொற்கள் தருமாறு நம்மிடம் ஒரு பட்டியல் வந்தது. சொற்கள் வந்தனவேயன்றி, அவை திரையில் நிற்கும் இடம் நமக்குக் காட்டப்படவில்லை. ஆங்கிலத்தில் 'கேன்சல்' என்றிருந்ததற்கு 'ரத்து செய்க' என்று எழுதி அனுப்பினோம். சொல் அளவில் பிழையில்லை. வெள்ளோட்டமும் நடந்தது; அதில் பங்கு கொண்டோர் ஆங்கிலமும் இந்தியும் படிப்பவர்கள். பிழை ஒன்றும் இல்லையென்று செயலி வெளிவந்தது.

அடுத்த ஆண்டு உறவினர் திருமணத்துக்காகக் குமுளிக்குச் சென்றிருந்தோம். நாம் தமிழ் எழுதும் உத்தியோகத்தில் இருப்பதைக் கேள்வியுற்று, தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர் பேரனின் கைபேசியோடு வந்தார். ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்பும்போது விரல் தவறி எங்கோ பட்டிருக்கிறது. 'விண்ணப்பத்தை ரத்து செய்யவா?' என்று திரை கேட்டிருக்கிறது. அதன் கீழே இரண்டு பொத்தான்கள்: ஒன்று 'ரத்து செய்க', மற்றொன்று 'ஆம்'. முன்னதைத் தொட்டால் கேள்வி மறையும், விண்ணப்பம் பிழைக்கும். பின்னதைத் தொட்டால் விண்ணப்பமே போய்விடும்.

"வேண்டாமுன்னா ரத்து, வேணுமின்னா ஆமாம். நான் ஆமாம்னுதானே சார் தொட்டேன்?" என்று அந்த அம்மையார் கேட்டார். நமக்கு விடை எழவில்லை. அந்தச் சொல் நம்முடையது என்பதை அவரிடம் சொன்னோம். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், புதிதாக எழுதித் தருமாறு மட்டும் கேட்டார். நாமே உடனிருந்து நிரப்பினோம். அவர் கைக்குப் பணம் வர நான்கு மாதம் ஆயிற்று.

ஊர் திரும்பியதும் அவ்வலுவலகத்துக்கு எழுதினோம். முதற்பொத்தான் 'திரும்பிச் செல்க' என்றும், இரண்டாவது 'ஆம், ரத்து செய்க' என்றும் மாறின. அதற்கு இரண்டு வாரமே பிடித்தது. இனிமேல் சொற்பட்டியலோடு திரையின் படத்தையும் அனுப்புமாறு கேட்டோம், அதற்கும் இசைந்தனர். அடுத்த வெள்ளோட்டத்தில் குமுளியிலிருந்து இருவரையும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவரையும் சேர்க்க வேண்டும், மூவரும் தமிழ் மட்டும் படிப்பவராக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தோம். ஒருவரைச் சேர்த்துக்கொண்டனர். மற்ற இருவருக்காக மறுபடியும் எழுதியிருக்கிறோம்.