ஒளியாதே! வெளியே வா!

(மைசூர் மண்டி மொஹல்லாவில், கற்போர் கூட்டத்தில் பேசிய பேச்சு)



இன்று தீயைப் பற்றிப் பேசப் போகிறோம். தீ இல்லாமல் சோறு இல்லை. விளக்கு இல்லை. ஆனால் நாம் கவனம் தவறினால் அதே தீ வீட்டையே அழித்துவிடும்.

நம் ஊர் அரண்மனையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்பு அங்கே மரத்தால் ஆன அரண்மனை இருந்தது. 1897-ஆம் ஆண்டு அரச குடும்பத்துத் திருமணத்தின்போது அது எரிந்துபோனது. பிறகு கட்டியதுதான் இப்போது நாம் பார்க்கும் அரண்மனை. 1912-இல் வேலை முடிந்தது.

எரிந்த வீட்டை மறுபடி கட்டலாம். போன பிள்ளையைத் திரும்பப் பெற முடியுமா?

2004-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பிடித்தது. மதிய உணவு சமைத்த இடத்தில் தொடங்கிய தீ, கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடியில் சின்னப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வர நல்ல வழி இல்லை. 94 குழந்தைகள் இறந்தார்கள்.

அதன் பிறகு 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பள்ளிகளில் தீயணைப்புக் கருவி வைக்க வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்றது. பள்ளியில் ஆசிரியர் பார்த்துக்கொள்வார். வீட்டில் யார் பார்ப்பது? நாம்தான்.

தீயைக் கண்டால் சின்னப் பிள்ளை என்ன செய்யும்? வெளியே ஓடும் என்று நினைக்கிறோம். பல பிள்ளைகள் ஓடுவதில்லை. கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். பீரோவுக்குப் பின்னால் ஒளியும். போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும். தேடிப் போகிறவருக்குப் புகையில் பிள்ளை இருக்கும் இடமே தெரியாது.

ஏன் ஒளிகிறது? தீயைக் கண்ட பயம் ஒன்று. நம் அடிக்குப் பயம் இன்னொன்று. தீக்குச்சியை உரசி விளையாடும்போது துணி பற்றிக்கொள்கிறது. "அம்மா அடிப்பாள்" என்று பிள்ளை ஓடி ஒளிகிறது.

ஆகவே, "தீப்பெட்டியைத் தொட்டால் கையை உடைப்பேன்" என்று மிரட்டாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "கண்ணு, தீப்பெட்டி கிடந்தால் தொடாதே. என்னிடம் வந்து சொல். தெரியாமல் தப்புச் செய்துவிட்டாலும் ஓடி வந்து சொல். அடிக்க மாட்டேன்." சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். தீப்பெட்டியையும் லைட்டரையும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இனி, பிள்ளைகளுக்கு நான்கு பாடங்கள். இவற்றை விளையாட்டுப் போலவே கற்றுக்கொடுக்கலாம்.

முதல் பாடம்: ஒளியாதே, வெளியே வா. புகை மேலே போகும். தரைக்கு அருகில்தான் மூச்சுவிடக் கொஞ்சம் காற்று இருக்கும். அதனால் தவழ்ந்து வாசலுக்கு வரப் பழக்குங்கள். வெளியே வந்து எங்கே நிற்பது? குழாயடியா, எதிர் வீட்டுத் திண்ணையா? ஓர் இடத்தை முடிவு செய்யுங்கள். பையை எடுக்க, பொம்மையை எடுக்க உள்ளே திரும்பக் கூடாது.

இரண்டாவது பாடம்: கத்து. நம் தெருவில் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. கன்னடமும் உருதுவும் பேசுகிறவர்கள் உண்டு. "தீ!", "பெங்கி!", "ஆக்!" என்று மூன்று மொழியிலும் கத்தச் சொல்லிக்கொடுங்கள். எல்லோரும் ஓடி வருவார்கள்.

மூன்றாவது பாடம்: உடுத்திய துணியில் தீப்பிடித்தால் ஓடாதே. ஓடினால் காற்றுப் பட்டுத் தீ வளரும். நில். கீழே படு. கையால் முகத்தை மூடிக்கொண்டு உருள்.

நான்காவது பாடம்: சுட்டுவிட்டால் உடனே தண்ணீர். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் புண்ணின் மேல் விடுங்கள். பற்பசை, மை, மாவு எதுவும் தடவாதீர்கள். ஐஸ் வைக்காதீர்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பெரியவர்களுக்கும் பாடம் உண்டு. பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுப் போங்கள். வீட்டில் ஊதுபத்தி உருட்டுகிறவர்கள் மூங்கில் குச்சியையும் கரித்தூளையும் வாசலில் அடுக்காதீர்கள். வாசல்தானே வெளியே வரும் வழி! கேஸ் வாசனை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். பிறகு 1906-க்குப் போன் செய்யுங்கள். தீப்பிடித்தால் 101 அல்லது 112. இந்த எண்களைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். இப்போது நமக்குத்தான் எழுதத் தெரியுமே!

இன்று இரவு சாப்பிட்ட பிறகு பிள்ளையை மடியில் உட்கார வைத்துக் கேளுங்கள். "கண்ணு, வீட்டில் தீப்பிடித்தால் நீ எங்கே போவாய்?" கட்டிலுக்கு அடியில் என்று சொன்னால் கோபப்படாதீர்கள். கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிப் போய்க் காட்டுங்கள். நாளைக்கும் கேளுங்கள். "வெளியே வருவேன்" என்று பிள்ளை தானாகச் சொல்லும்வரை கேளுங்கள்.