ஒலியறிவும் பாப் பாடலும்: கவிஞர் கற்க வேண்டுவன



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் இடையறாது இயங்குவது எளிதன்று. அத்தகைய வட்டத்தின் நிறைவு விழாவில் தமிழாசிரியை ஒருத்தி யாப்பைப் பற்றியோ சங்கப் பாடல்களைப் பற்றியோ பேசுவாள் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்ட பொருளோ மேலைநாட்டுப் பாப் பாடல். 'அது வெறும் இரைச்சல்' என்பது நம்மில் பலர் கொண்டுள்ள முடிவு. அம்முடிவுக்கு வருமுன், அப்பாடல் எவ்வாறு கட்டப்படுகிறது எனக் காண்பதே முறை. ஒலியைப் பதியும் கருவிகளே அதன் வடிவத்தைப் பெரிதும் வகுத்தன. கருவியின் இயல்பறிந்து சொல்லையும் குரலையும் ஆண்டவர்கள் அதில் வென்றனர். ஒலிவாங்கியின் முன் நின்று கவி பாடும் நமக்கும் இதில் பாடம் உண்டு.

ஒலியின் இயல்பு

ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையை அதிர்வெண் என்பர். அதன் அலகு ஹெர்ட்ஸ். இளமையில் மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதிர்வெண் கூடினால் சுருதி உயரும்; இரட்டித்தால் அதே சுரம் மேல் தாயியில் ஒலிக்கும். அதிர்வின் வீச்சு கூடினால் ஓசை வலுக்கும். அவ்வலிமையை டெசிபெல் என்னும் அளவால் குறிப்பர். ஒரே சுரத்தை வீணையும் குழலும் இசைக்கும்போது வேறுபாடு உணர்கிறோம் அல்லவா? அடிப்படை அதிர்வோடு சேர்ந்தொலிக்கும் துணையதிர்வுகளின் கலவை கருவிக்குக் கருவி மாறுவதே அதற்குப் பெருங்காரணம்.

இங்கே தமிழர்க்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. பேச்சொலியின் வலிமையில் பெரும்பகுதி உயிரெழுத்துகளிடமே உள்ளது. அதுவும் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழ் அமைகிறது. வல்லின மெய்களை இனங்காட்டும் மெல்லிய கூறுகளோ பெரும்பாலும் அதற்கு மேலே உள்ளன. ஆயினும் படம், கடம், தடம் என்னும் சொற்களை வேறுபடுத்துவன அம்மெய்களே. தரமற்ற கூம்பு ஒலிபெருக்கியில் கவிஞரின் குரல் ஊரெங்கும் கேட்கிறது. சொல் மட்டும் விளங்குவதில்லை. உயிர் வந்து சேர்கிறது. மெய் வழியில் உதிர்ந்துவிடுகிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என மாத்திரை வகுத்த தொல்காப்பியர் ஒலியின் கால அளவைச் செவியாலேயே கண்டவர். உயிரை நீட்டிப் பாடலாம். வல்லின மெய்யை நீட்ட இயலாது. பாட்டெழுதுவோர் எவரும் மீற முடியாத விதி இது.

கருவி வகுத்த வடிவம்

1925இல் மின்வழி ஒலிப்பதிவு வணிக வழக்கிற்கு வருமுன், பாடகர்கள் ஒரு கூம்பின் வாயருகே நின்று உரத்துப் பாடினர். மெல்லிய குரல் தட்டில் பதியாது. ஒலிவாங்கி வந்தபின் நிலைமை மாறியது. பிங் கிராஸ்பி போன்றோர் அருகில் இருப்பவரிடம் பேசுவது போல் பாடினர். வலிய குரலுக்கு மட்டுமே உரியதாயிருந்த மேடையில் மெல்லிய குரலும் இடம்பெற்றது.

அக்காலத்துப் பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும். 1949இல் 45 சுழற்சித் தட்டு வந்து, நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற அத்தட்டு வழக்கொழிந்தபின்னும் பாடலின் அளவு பெரிதும் மாறவில்லை. வெண்பாவின் நான்கடி போல, மூன்று நிமிடம் ஒரு யாப்பாயிற்று.

பாடலின் கட்டமைப்பு

பெரும்பாலான பாப் பாடல்கள் நான்கு அடிப்புத் தாளத்தில் அமைவன. இரண்டாம், நான்காம் அடிப்புகளில் முரசின் அழுத்தம் விழும். கறுப்பின அமெரிக்கரின் இசைமரபு வழங்கிய கொடைகளுள் இதுவும் ஒன்று. நம் இசை ஒற்றை இழையாக நடப்பது. பாப் பாடலோ ஒரே நேரத்தில் மூன்று சுரங்களேனும் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டின்மேல் நடப்பது. ச, க, ப மூன்றையும் சேர்த்து ஒலித்து, நடுவிலுள்ள அந்தரக் காந்தாரத்தைச் சாதாரண காந்தாரமாக மாற்றிப் பாருங்கள். உவகை மறைந்து ஏக்கம் தோன்றுவதைப் பலரும் உணர்வர். சொற்கள் மாறிவரும் சரணம், சொற்கள் மாறாது மீளும் பல்லவி, இடையே சுவை மாற்ற ஓர் இணைப்புப் பகுதி என்பது வழக்கமான அமைப்பு. இவற்றுள் பல்லவியே செவியில் தங்கும் தூண்டில்.

ஒரு சான்று காண்போம். பீட்டில்ஸ் குழுவினர் 1965இல் வெளியிட்ட 'யெஸ்டர்டே' என்னும் பாடல் இரண்டு நிமிடத்துக்குச் சற்றே மிகுந்தது. அதில் முரசு இல்லை. பால் மக்கார்ட்னியின் குரலும் கிதாரும் நான்கு நரம்பிசைக் கருவிகளுமே உள்ளன. எட்டுத் தாளவட்டணை எதிர்பார்க்கும் இடத்தில் சரணம் ஏழில் முடிகிறது. ஏதோ ஒன்று கைநழுவிய உணர்வு அந்த அமைப்பிலேயே பிறந்துவிடுகிறது. மெட்டு முதலில் வந்தது. சொல் கிடைக்கும்வரை முட்டைப் பொரியல் பற்றிய விளையாட்டுச் சொற்களை இட்டு அதைப் பாடிவந்தார். மெட்டுக்குத் தத்தகாரம் இடும் நம் பாடலாசிரியர்கள் இதை நன்கு அறிவர். தத்தகாரம் எளிது, அவ்விடத்தில் அமரத்தக்க ஒரே சொல்லைத் தேடிக் காத்திருப்பதே கவிஞர் பணி.

உரத்தலும் அடங்கலும்

1990களிலிருந்து ஒலிப்பதிவாளர்கள் தம் பாடலே உரக்கக் கேட்க வேண்டும் எனப் போட்டியிட்டனர். மெல்லிய பகுதிகளைத் தூக்கி, வலிய பகுதிகளை அமுக்கி, பாடல் முழுவதையும் ஒரே உச்சத்தில் நிறுத்தினர். மெட்டாலிகா குழுவின் 2008ஆம் ஆண்டுத் தொகுப்பு இதன்பொருட்டு ரசிகர்களாலேயே குறைகூறப்பட்டது. ஏற்ற இறக்கம் இல்லாதபோது ஏற்றமும் புலப்படாது. இன்று இணையவழி இசைச் சேவைகள் பலவும் எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ ஒரே ஒலிமட்டத்துக்குக் கொணர்ந்து ஒலிக்கின்றன. உரத்தலால் வந்த ஆதாயம் அங்கே போயிற்று.

இன்னொரு செய்தி. எம்பி3 என்னும் ஒலிச்சுருக்க முறையை உருவாக்கியோருள் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், அதைச் செம்மை செய்ய சூசன் வேகா பாடிய 'டாம்ஸ் டைனர்' என்னும் பாடலைப் பயன்படுத்தினார். அது பக்கவாத்தியம் எதுவுமற்ற தனிக்குரல். பல கருவிகளின் முழக்கத்தில் மறைந்துவிடும் பிழை அத்தனிக்குரலில் மறையவில்லை. துணையின்றி நிற்கும் மனிதக் குரலே அக்கணித முறைக்குக் கடுந்தேர்வாயிற்று.

கவிஞர் பெருமக்களே, கவியரங்க மேடையில் நாம் நிற்பதும் தனிக்குரலோடுதான். ஆயினும் ஒலிவாங்கி கண்டுபிடிக்கப்படாத காலத்தவர் போல முழங்குகிறோம். திறந்தவெளியில் ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் உள்ள இடைவெளி பாதியானால் ஒலிமட்டம் ஏறத்தாழ 6 டெசிபெல் உயரும். கத்துவதற்கு மாற்றாக ஓரடி நெருங்கினால் போதும். ஒவ்வோர் அடியையும் உச்சத்தில் பாடினால் கைதட்டல் கிடைக்கலாம். சொல் நெஞ்சில் தங்காது. மெய்யெழுத்தைத் தெளிவாக உச்சரியுங்கள். நீட்ட வேண்டிய இடத்தில் நெடிலை வையுங்கள். சிறந்த வரிக்கு முன் ஒரு கணம் அமைதி விடுங்கள்.

நம் மாணவர் பாப் பாடலைக் கேட்பதை நாம் தடுக்க இயலாது; தடுக்கவும் வேண்டா. அவர் செவி எதை நாடுகிறது என அறிந்து, அச்செவிக்கு நல்ல தமிழைக் கொண்டு சேர்ப்பதே நம் கடன். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டம், மாதம் ஒருமுறையேனும் தாளை மூடிவைத்துக் கவிதையைச் செவியால் மட்டும் கேட்டு ஆராயும் கூட்டம் ஒன்றை நடத்த வேண்டும் என்னும் வேண்டுகோளுடன் அமைகிறேன்.