கியரை மாற்றும் எண்ணெய்

மோட்டார் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்களிடம், முதல் நாட்களில் பெருந்தொல்லை தந்தது எது என்று கேட்டால், பெரும்பாலோர் கிளச்சையும் கியரையுமே சொல்வார்கள். மேட்டில் வண்டி நிற்கும். பின்னால் ஒருவர் ஓயாமல் ஹாரன் ஒலிப்பார். இடக்கால் சற்றுத் தவறினால் எஞ்சின் நின்றுவிடும். இத்தொல்லையை நம்மிடமிருந்து எடுத்து எண்ணெயிடம் ஒப்படைத்த யந்திரத்தைப் பற்றி இன்று சிந்திப்போம்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகளில் ஹைட்ராமாட்டிக் என்னும் தானியங்கிக் கியர்ப்பெட்டியை அமைத்து விற்றது. முன்னோக்கிச் செல்ல நான்கு கியர்கள். கிளச் மிதி கிடையாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் எம்-5 இலகு டாங்கிகளிலும் இது பயன்பட்டது. வண்டிக்குள் கணிப்பொறி என்பதைக் கனவிலும் எண்ணாத காலம் அது. அப்படியானால், கியர் மாற்ற வேண்டிய வேளை இதுவென்று தீர்மானித்தது எது?

எஞ்சினால் சுழலும் பம்பு ஒன்று எண்ணெயை அழுத்தத்துடன் அனுப்புகிறது. அதிலிருந்து இரண்டு செய்திகள் பிறக்கின்றன. ஒன்று நம் காலின் செய்தி: ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த, ஒரு வால்வின் வழியே எண்ணெயழுத்தம் கூடுகிறது. மற்றது சக்கரத்தின் செய்தி: கியர்ப்பெட்டியின் வெளித்தண்டோடு சுழலும் சிறு எடைகள், குடைராட்டினத் தொட்டில்களைப் போல, வேகம் கூடக்கூட வெளிப்புறமாய் விலகி, வேறோர் அழுத்தத்தை உயர்த்துகின்றன. இவ்வமைப்புக்குக் கவர்னர் என்று பெயர்.

இவ்விரண்டும் எதிரெதிராக நின்று தள்ளும் இடமே மாற்று வால்வு. துளையொன்றில் முன்னும் பின்னும் நழுவும் சிறிய உலோக உருளை அது. ஒரு முனையில் சுருள்வில்லும் காலின் அழுத்தமும்; மறுமுனையில் கவர்னரின் அழுத்தம். கவர்னரின் கை ஓங்கியதும் உருளை நகர்ந்து புதிய வழியைத் திறக்கிறது, கியர் உயர்கிறது. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்தால் காலின் கை ஓங்கும்; கியர் தாழும். இரண்டும் ஏறக்குறையச் சமமாய் இருக்கும்போது உருளை ஊசலாடாதா என்று கேட்கலாம். அது ஒருமுறை நகர்ந்தவுடன் காலின் அழுத்தத்தில் ஒரு பகுதி அடைபடுமாறு செய்திருக்கிறார்கள். ஆகவே, ஏறிய வேகத்தைவிடக் குறைந்த வேகத்திலேயே கியர் இறங்கும். எளிய யுக்தி, ஆனால், அதை எண்ணி வியக்காதிருக்க நம்மால் முடியவில்லை.

ஹைட்ராமாட்டிக்கில் முன்செலவுக்கென இரண்டு பல்சக்கரத் தொகுதிகள் உண்டு. ஒரு தொகுதியைப் பட்டை இறுக்கிப் பிடித்தால் வேகம் குறைந்து இழுவிசை கூடும். கிளச் தகடுகள் இறுகினால் தொகுதி முழுவதும் ஒன்றாய்ச் சுழலும். இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதற்குப் போகும்போதுதான் சோதனை. முன்தொகுதியில் கிளச் விட்டுப் பட்டை பிடிக்க வேண்டும். பின்தொகுதியில் பட்டை விட்டுக் கிளச் பிடிக்க வேண்டும். பிடிப்பது முந்தினால் பாகங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். பிந்தினால் எஞ்சின் வீணே அலறும்.

இன்றைய தானியங்கி வண்டிகளில் கியரைத் தீர்மானிப்பது மின்னணுக் கருவி. ஆனால், அதன் கட்டளைப்படி கிளச்சை இறுக்குவது, பெரும்பாலானவற்றில், இன்னமும் எண்ணெயே. சாதாரணக் கியர்ப்பெட்டியை ஒரு கருவியே இயக்கும் ஏ.எம்.டி. வண்டிகள் வேறு இனம்.

வண்டி வழியில் பழுதாகி நின்றால் இது நமக்கு உடனே தேவைப்படும் செய்தியாகிவிடும். பழைய ஹைட்ராமாட்டிக்கில் வெளித்தண்டால் சுழலும் இரண்டாவது பம்பும் இருந்தது. வண்டியைத் தள்ளியே எஞ்சினைக் கிளப்ப முடிந்தது. பிற்காலத்தில் அதை நீக்கிவிட்டார்கள். ஆகையால், எஞ்சின் நின்ற தானியங்கி வண்டியைக் கயிறு கட்டி நெடுந்தூரம் இழுத்தால், பம்பு ஓடாது. சக்கரங்களோ உள்ளிருக்கும் பாகங்களைச் சுழற்றிக்கொண்டே வரும். எண்ணெய் எட்டாமல் அவை சூடேறித் தேய்ந்துபோகும். நியூட்ரலில் வைத்தாலும் இதற்கு விலக்கில்லை. இழுக்க வருபவரிடம், எஞ்சின் விசையைப் பெறும் சக்கரங்களைத் தரையினின்று தூக்கிவிடுமாறோ, வண்டி முழுவதையும் லாரியில் ஏற்றுமாறோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.