ஓர் ஊசியும் ஓர் எழுவாயும்



மருத்துவமனையில் மொழி செய்யும் வேலையை இன்று ஓர் ஊசியைக் கொண்டு விளக்க முற்படுகிறோம். இதயம் திடீரென நிமிடத்துக்கு 150 முதல் 220 முறை வரை துடிக்கும் மேலறை மிகைத்துடிப்பை அடக்க, அடினோசின் என்னும் மருந்தைச் சிரைக்குள் விரைந்து செலுத்துவர். முதலில் 6 மில்லிகிராம், அடங்காவிடில் 12. இதயத்தின்மேல் இதன் விளைவை 1929இல் டுரூரியும் சென்ட்-ஜியார்ஜியும் விவரித்தனர். குருதியில் இதன் அரையாயுள் 10 நொடிக்கும் குறைவு. அதற்குள் மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்வழி தடைப்படும். துடிப்பு சற்றே நின்று மீளும். முகம் சிவக்கும், மார்பு இறுகும், மூச்சு முட்டும், சாவு வந்துவிட்டது என்னும் திகில் எழும்.

அணங்கு, விலங்கு, கள்வர், இறை என அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் கூறும். இவ்வச்சமோ புறத்திலிருந்து வருவதன்று, உடலுக்குள்ளிருந்தே எழுவது. முன்கூட்டிச் சொல்லும் சொல்லே அதற்குத் துணை.

மெர்லிமாவ் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய மூதாட்டி ஒருவர் நம்மிடம் கூறினார்: "மிஸ்ஸி நல்லவங்கதாய்யா. மலாய்க்காரப் பிள்ளை. நமக்காகத் தமிழ்ல 'போயிரும், போயிரும்'னு சொன்னாங்க. என் உசுரத்தான் சொல்றாங்கன்னு நெனச்சிட்டேன்."

அத்தாதி சொன்னதில் பிழையில்லை. தமிழில் நோவும் போகும், உயிரும் போகும். வினை ஒன்றே. எழுவாயைத் தொக்கி நிற்க விடுவது நம் மொழியின் இயல்பு. வீட்டுப் பேச்சில் அது அழகு. 'விடு' என்னும் துணைவினை உறுதியைத் தரும். எது போவது உறுதி என்பதை எழுவாய்தான் காட்டும். அந்தப் பத்து நொடியில் எழுவாய் இல்லாத வாக்கியம் ஆறுதலையே அச்சமாக்கிவிடும்.

ஆதலின் நாம் பரிந்துரைக்கும் வாக்கியங்கள் இவை: "அம்மா, ஊசி போட்டதும் நெஞ்சு இறுகும். செத்துப்போவதுபோல் இருக்கும். அது மருந்தின் வேலை. அந்த இறுக்கம் சீக்கிரம் போய்விடும். நாங்கள் பக்கத்திலேயே இருக்கிறோம்."

நோயாளரும் பேச வேண்டும். ஆஸ்துமா இருப்பின் ஊசிக்கு முன்பே சொல்லுதல் வேண்டும். இம்மருந்து மூச்சுக்குழலைச் சுருக்கக்கூடும். அமியோடரோன் போன்ற வேறு மருந்து சொட்டுச்சொட்டாக ஏறும்போது இரத்த அழுத்தம் தாழலாம், ஊசி ஏறிய சிரை அழலலாம். தலைசுற்றலோ எரிச்சலோ தோன்றினால் உடனே சொல்லுதல் வேண்டும். 'தாங்கிக்கொள்வோம்' என்பது தோட்ட வாழ்வு நமக்குக் கற்பித்த பண்பு; மருத்துவக் கட்டிலில் அப்பண்பு உதவாது.

மேற்கண்ட வாக்கியங்களைத் தமிழிலும் மலாயிலும் சிறு அட்டையாக அச்சிட்டுத் தாதியர் கையில் சேர்க்குமாறு மன்றத்தை வேண்டி அமைகின்றோம்.