எட்டாம் வகுப்புத் தேர்வுகளும் நம் கடமையும்
(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)

 

தேனி மாவட்டத்து உத்தமபாளையத்தில், பாறையில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களைக் கண்டு வணங்கியவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துப் பொறிப்புகளில் அச்சணந்தி முனிவரின் பெயரும் காணப்படுகிறது. அந்த உத்தமபாளையம் வட்டத்தைச் சேர்ந்த பேரூரே காமயகவுண்டன்பட்டி. முல்லைப் பெரியாற்று நீரால் நெல் விளையும் பள்ளத்தாக்கு அது. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளைவதும் அந்தப் பள்ளத்தாக்கிலேதான். அத்தகைய ஊர்களின் நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள் எழுதும் பொதுவான தேர்வுகளைக் குறித்தே இன்று பேச விழைகிறேன்.

இத்தேர்வுகள் இரு வகைப்படும். ஒன்று, கல்வி முறையை அளக்கும் தேர்வு. மற்றொன்று, பிள்ளையைத் தெரிவுசெய்யும் தேர்வு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் பல தவறான தீர்ப்புகள் பிறக்கின்றன.

தேசிய அடைவுத் தேர்வு முதல் வகையைச் சார்ந்தது. 2021ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், நாடு முழுவதும் மூன்று, ஐந்து, எட்டு, பத்து ஆகிய வகுப்புகளில் ஏறத்தாழ 34 லட்சம் மாணவர்கள் அதனை எழுதினர். ஒரு மாவட்டத்தில் எந்தப் பாடம் எந்த அளவிற்குக் கற்கப்பட்டுள்ளது என்பதை அறிய, தெரிந்தெடுத்த பள்ளிகளில் மட்டும் அது நடைபெற்றது. அதில் எந்தப் பிள்ளைக்கும் தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை.

அந்த நாளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் மீண்டும் திறக்கப்பட்டன. ஆறாம் வகுப்பில் பள்ளியை விட்டுச் சென்ற பிள்ளை, எட்டாம் வகுப்பு மாணவனாகத் திரும்பிவந்த சில நாள்களிலேயே அத்தேர்வு நடந்தது. அந்த மதிப்பெண் அளந்தது பிள்ளையின் அறிவை மட்டுமன்று; வீட்டில் கைப்பேசி இருந்ததா, பாடம் சொல்லித்தர ஒருவர் இருந்தாரா என்பதையும் சேர்த்தே அளந்தது. ஆதலால், ஒரு மதிப்பெண்ணைக் கேட்குமுன் அது எதற்காக, எந்நிலையில் பெறப்பட்டது என்று கேட்பதே முறையாகும்.

இரண்டாம் வகைத் தேர்வின் இயல்பு வேறு. தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித்தொகைத் தேர்வு, எட்டாம் வகுப்பில் எழுதப்படுவது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு உரியது. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாதிருத்தல் வேண்டும். மனத்திறன் தேர்வில் 90 வினாக்கள்; படிப்பறிவுத் தேர்வில் 90 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடங்கள். வெற்றிபெறும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படும். நான்கு ஆண்டுகளுக்கு 48,000 ரூபாய்.

இத்தொகை சிறிதெனத் தோன்றலாம். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியுமுன் ஜீப்பேறி, மலைப்பாதை வழியே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வோர் பலர். அவ்வாறான வீட்டில், எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளையைத் தொடர்ந்து படிக்கவைப்பதா, வேலைக்கு அனுப்புவதா என்னும் வினா எழும்போது, மாதந்தோறும் வரும் அந்த ஆயிரம் ரூபாய் பிள்ளையின் பக்கம் நின்று பேசும்.

இத்தேர்வில் தவறும் பிள்ளைகள் எல்லாரும் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். எண் தொடர், உருவ ஒப்புமை போன்ற மனத்திறன் வினாக்கள் பாடநூலில் பழகாதவை. ஒரு வினாவிற்கு ஒரு நிமிடம் என்னும் கணக்கும் புதிது. முன்னரே சில மாதங்கள் பழகிய பிள்ளைக்கு அச்சம் நீங்கும். முதன்முறை தேர்வு மண்டபத்திலேயே அவற்றைக் காணும் பிள்ளை திகைத்து நிற்கும். திறமை இருவருக்கும் ஒன்றே, வாய்ப்புத்தான் வேறு.

வெற்றிபெற்ற பின்னும் கவனம் வேண்டும். உதவித்தொகை பிள்ளையின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படுகிறது. இணையத்தில் ஆண்டுதோறும் விண்ணப்பத்தைப் புதுப்பித்தல் வேண்டும். பள்ளிப் பதிவேட்டிலும் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒத்திருத்தல் நலம். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு மதிப்பெண் பெற்றால்தான் மேல்நிலை வகுப்புகளுக்கும் உதவி தொடரும். பட்டியலின, பழங்குடி மாணவர்க்கு இதில் 5 விழுக்காடு தளர்வு உண்டு. எழுத்தறியாத பெற்றோர்க்கு இவையெல்லாம் பெருஞ்சுமை.

அன்பர்களே! ஆகாரம், ஔடதம், அபயம், சாத்திரம் என நால்வகைத் தானங்களை நாம் போற்றுகிறோம். விழாதோறும் முதல் மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்குப் பரிசளித்து மகிழ்கிறோம், அது நன்று. ஆனால் முதலிடம் பெற்றவர்க்குப் பரிசளிப்பதோடு சாத்திர தானம் நிறைவுபெறாது. வாயில் வரை வந்து, அதனைத் திறக்கும் வகை அறியாது நிற்கும் பிள்ளைக்கு வழிகாட்டுவதே அதன் உட்பொருள்.

காமயகவுண்டன்பட்டிக்குச் சொன்னவை வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளிலுள்ள நம் சிற்றூர்களுக்கும் பொருந்தும். ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஏழாம் வகுப்பு முடிந்த விடுமுறையிலேயே முந்தைய ஆண்டு வினாத்தாள்களைத் தொகுத்துப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். நம் குடும்பங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாரம் ஒருநாள், சாதி சமய வேறுபாடின்றி, மனத்திறன் வினாக்களைக் கற்பியுங்கள். வெற்றிபெற்ற பிள்ளையின் வங்கிப் பணியையும் விண்ணப்பப் புதுப்பித்தலையும் நான்காண்டுகளும் ஓர் இளைஞர் பொறுப்பேற்று முடித்துக்கொடுங்கள்.

இம்மூன்றிற்கும் பெரும்பொருள் தேவையில்லை. மனமும் காலமும் போதும். அடுத்த ஆண்டு விழா மலரில், முதல் மதிப்பெண் பெற்றோர் பட்டியலின் பக்கத்திலேயே, நம் உதவியால் இத்தேர்வெழுதிய பிள்ளைகளின் எண்ணிக்கையும் இடம்பெறட்டும்.