பழகின கை
(சபையின் ஆண்டு விழாவில் பேசியது)



ஆக்லாந்துப் பள்ளியில் ஏழாம், எட்டாம் வருடத்திலேயே நீங்கள் மரவேலை செய்து, அம்மாவுக்குச் சாவி மாட்டும் பலகை கொண்டுவருகிறீர்கள். எங்கள் ஊர்ப் பக்கமும் அது பழைய கதைதான். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். நாசரேத்தில் ஊழியம் செய்த கனோன் மர்காஷிஸ் ஐயர், 1878இல் ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தொழிற்பள்ளி தொடங்கினார். தச்சும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். ஐயர் வைத்தியமும் பார்த்தவர். நர்சான எனக்கு அதில் ஒரு பெருமை.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது, ஒரு கிராமப் பள்ளியின் தச்சுப் பட்டறையைத் திறந்து காட்டினார்கள். பல வருடம் பூட்டிக் கிடந்தது. கடைசல் இயந்திரம், பேண்ட் சா, வட்ட ரம்பம், மூன்றிலும் துரு.

"சுவிட்சைப் போட்டுப் பார்ப்போமா?" என்றார் அண்ணன்.

மயங்கிக் கிடப்பவரை எழுப்பி ஓடச் சொல்வோமா? முதலில் பிளக்கைப் பிடுங்கினோம். கையால் மெல்லச் சுற்றிக் காது கொடுத்தோம். கரகரவென்றால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். பெல்ட்டுகள் வெடித்திருந்தன, மாற்றினோம். வயரிங்கை எலக்ட்ரீஷியன் பார்த்தார். இரும்பு மேசையை மண்ணெண்ணெயும் கம்பி நாரும் கொண்டு தேய்த்து, மறுபடி துரு ஏறாதிருக்க மெழுகு பூசினோம். பிள்ளைகளே, பழைய பெயிண்டைச் சுரண்டாதீர்கள், ஈயம் இருக்கலாம். மரத்தூளையும் லேசாக நினைக்காதீர்கள். வருடக்கணக்கில் சுவாசித்தால் மூக்கில் புற்றுநோய்கூட வரலாம்.

ஐந்தாம் நாள் இரண்டு இயந்திரங்கள் ஓடின. வட்ட ரம்பத்துக்கு மேல்மூடி இல்லை. பிளேடுக்குப் பின்னால் நிற்க வேண்டிய தகடும் இல்லை. அது இல்லாவிட்டால் அறுபட்ட மரம் பிளேடைக் கவ்வும்; கட்டை அறுப்பவர்மேலேயே பாயும். ஆனால் பெஞ்சு பழுதுபார்க்கப் பள்ளிக்கு ரீப்பர் அவசரமாக வேண்டியிருந்தது.

"பழகின கை, நான் பார்த்துக்கறேன்" என்றார் அண்ணன்.

"அவசரப் பிரிவில் நான் கட்டுப்போட்டதெல்லாம் பழகின கைகளுக்குத்தான் அண்ணே" என்றேன். இரண்டு நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. ரீப்பரைக் கைரம்பத்தால் அறுத்தார்கள்.

அந்த ரம்பத்தின் பிளக்கைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினேன். கடையில் புதிது வாங்க எவ்வளவு ஆகிவிடும்? இதுவரை வாங்கவில்லையாம். மூடியும் தகடும் செய்யக் கொடுத்திருப்பதாகப் போன வாரம் அண்ணன் போனில் சொன்னார்.